கருவாட்டுப் பெட்டிக்குள் ஆறு குட்டிகள்

பாம்பன் பாலத்தில் ரயில் ஏறியதும் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். நான் கடலைத் தாண்டிய முதல் நாள் அது. காலுக்குக் கீழே தரையே இல்லாமல், வெறும் காற்றில் வண்டி ஊர்ந்து போவது போல இருந்தது. ஜன்னல் வழியே வந்த காற்று உதட்டில் உப்பாகக் கரித்தது.

எனக்கு முன்னால் ஒரு பெரிய பனையோலைப் பெட்டி. சவேரியம்மாள் அக்காவின் கால்களுக்கு நடுவே இன்னொன்று. இரண்டும் கருவாடு சுமக்கிற பெட்டிகள். என் பழைய சேலை ஒன்றை இரண்டாகக் கிழித்து அவற்றை மூடியிருந்தோம். உள்ளே, பெட்டிக்கு மூன்றாக, ஆறு ஆட்டுக்குட்டிகள். மூத்ததற்கு இருபது நாள் இருக்கும். இளையது பிறந்து பன்னிரண்டே நாள். ஆறுக்கும் தாய் இல்லை.

"பாலம் முடியப் போகுது தங்கங்களா, சத்தம் காட்டாம கெடங்க," என்று அக்கா பெட்டியைத் தடவித் தடவிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான், மண்டபத்தில் ஏறி ஓரமாக உட்கார்ந்திருந்த டிக்கெட் பரிசோதகர் எழுந்தார். கறுப்புக் கோட்டு, காதோரம் சொருகிய பென்சில். நேராக எங்களைப் பார்த்து நடந்து வந்தார்.

அவர் அப்படியே நடந்து வந்துகொண்டிருக்கட்டும். இந்தக் குட்டிகள் எப்படி ரயில் ஏறின என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மாலையைத் தின்ற செவலை

சென்ற வாரம் இந்தத் தொடரில் என் கல்யாணத்தைப் பற்றி எழுதினேன். ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். தேவிபட்டினத்துப் பக்கத்திலிருந்து உச்சிப்புளிப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தபோது, எனக்குச் சீராக வந்தவை இரண்டு வெள்ளாடுகள். அதில் ஒன்று செவலை. பெயருக்கு ஏற்றபடி செம்மண் நிறம், காது மட்டும் வெள்ளை.

மாலை மாற்றுகிற நேரத்தில் மாப்பிள்ளைக்கான மாலையைக் காணோம். தேடிப் பார்த்தால், பந்தல் காலில் கட்டியிருந்த செவலையின் வாயில் மல்லிகைச் சரம் தொங்குகிறது. பாதி மாலை உள்ளே போய்விட்டது. என் அய்யா அதை அடிக்க ஓடினார். மாப்பிள்ளை எழுந்து குறுக்கே நின்றார்.

"விடுங்க மாமா. பசிச்சிருக்கும். மிச்சம் இருக்கறதைப் போட்டுக்கிறேன்," என்றார். மீதி மாலை கழுத்துக்கு எட்டவில்லை. தலைப்பாகையில் சுற்றிக்கொண்டார்.

அந்த நிமிஷத்திலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அவர் பெயரை இங்கே எழுத இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. அவர் என்றே எழுதுகிறேன். யாரென்று உங்களுக்குத் தெரியும்.

மூன்று வருஷத்தில் இரண்டு ஆடு இருபதுக்கு மேல் ஆனது. எங்களுக்கு நிலம் கிடையாது. ஆடுதான் நிலம், ஆடுதான் சோறு. அவர் ஆடுகளோடு பேசிக்கொண்டே நடப்பார். "ஏத்தா, அந்த முள்ளுக்குள்ள என்ன வேலை? பங்காளி வீடா?" என்று அவர் கேட்பதும், ஆடு திரும்பிப் பார்ப்பதும் எனக்கு அன்றாடக் காட்சி. என்னோடு பேசுவதைவிட அவற்றோடு அதிகம் பேசுகிறாரே என்று நான் சண்டை போட்டதும் உண்டு.

பச்சை

நாடு விடுதலையாகி ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். முந்தின வருஷம் மழை ஏமாற்றியது. அந்த வருஷம் கோடையும் நீண்டுகொண்டே போனது. உடைமரத்து இலையும் காய்ந்த பனையோலையும்தான் ஆடுகளுக்குத் தீனி. விலா எலும்பை எண்ணிவிடலாம்.

ஐப்பசியில் மழை கொட்டியது. நாலு நாள் விடாமல் பெய்து, ஐந்தாம் நாள் வெயில் அடித்தது. அடுத்த சில நாளில் கண்மாய்க் கரை முழுக்கப் பச்சை. அந்தப் பச்சையைப் பார்த்து எனக்கே அதில் படுத்துப் புரள வேண்டும் போல இருந்தது.

"வயிறு முட்டத் தின்னுட்டு வாங்க!" என்று சொல்லிப் பட்டியின் படலைத் திறந்துவிட்டது நான். அவர் முன்னால் ஓட, ஆடுகள் பின்னால் ஓட, கல்யாண ஊர்வலம் மாதிரிப் போனார்கள். காலையிலிருந்து பொழுது சாய்கிறவரை மேய்ந்தன.

மூன்றாம் நாள் செவலை துள்ளியது. சந்தோஷத்தில் துள்ளுகிறது என்றுதான் நினைத்தேன். ஒரே துள்ளு. விழுந்தது, காலை உதைத்தது, அடங்கிவிட்டது. நான் போய்த் தலையைத் தூக்குவதற்குள் கண் நிலைகுத்திவிட்டது.

அன்று மாலைக்குள் இன்னும் மூன்று. மறுநாள் உச்சிப்பொழுதுக்குள் ஏழு. ஆறு நாளுக்குள் பட்டியில் மிஞ்சியது ஆறே ஆடு. இருந்ததில் தேறியதும் பால் நிறைந்ததுமாகப் பார்த்துப் பார்த்துச் செத்தன. கூடைக்கு அடியில் அடைத்து வைத்திருந்த குட்டிகள் மட்டும், ஒன்றும் தெரியாமல் கத்திக்கொண்டிருந்தன. பதினொரு குட்டிகள்.

இராமநாதபுரத்துக் கால்நடை ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கம்பவுண்டர் சைக்கிளில் வந்தார். நல்ல மனிதர். செத்துக் கிடந்ததைக் கிழித்துப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"இது துள்ளுமாரி. ஒண்ணுலயிருந்து ஒண்ணுக்கு ஒட்டுறது இல்ல, பயப்படாதீங்க. காஞ்ச வயித்துல இளம்புல்லை ஒரேயடியாத் தின்னா வாறது. கொஞ்சங் கொஞ்சமாப் பழக்கி விட்டிருக்கணும். குட்டிகளுக்கு ஒண்ணும் இல்ல. பால் மட்டும் கிடைச்சாப் பிழைச்சுக்கிரும்."

மிச்சம் இருந்த ஆடுகளை எப்படிக் காப்பாற்றுவது என்றும் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு அந்தப் பேச்சு ஆறுதலாக இருந்தது. என் வீட்டுக்காரருக்கு அதுவே இடியாக விழுந்தது.

அன்றிலிருந்து அவர் பட்டிக்குள் கால் வைக்கவில்லை. குட்டிகள் கத்தினால் காதைப் பொத்திக்கொண்டு கண்மாய்ப் பக்கம் போய்விடுவார். மூன்றாம் நாள் சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கொழும்புல எங்க அண்ணன் கடை இருக்குல்ல. அங்க போயிர்றேன் ராக்கு. கடுதாசி போட்டாக் காகிதம் எல்லாம் அவன் பாத்துக்கிருவான்."

"ஆடு?"

"எனக்கு எதுக்கு ஆடு? என் கையாலதான எல்லாத்தையும் கொன்னேன்."

நான் என் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் பட்டிக்குப் போனேன்.

சவேரியம்மாள்

பாம்பனிலிருந்து வாரம் ஒரு தடவை ரயிலில் வந்து, எங்கள் பக்கத்து ஊர்களில் கருவாடு விற்பவர் சவேரியம்மாள் அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருப்பார். கணுக்காலுக்கு மேல் சேலையைத் தூக்கிச் சொருகி, கழுத்தில் ஜெபமாலையும் வாயில் வெற்றிலையுமாக வருவார். ஊர் எல்லையில் அவர் சிரித்தால் எங்கள் வீட்டில் கேட்கும்.

அந்த வாரம் வந்தவர், பெட்டியை இறக்கி வைக்கக்கூட இல்லை. குட்டிகளின் சத்தத்தைக் கேட்டு நேராகப் பட்டிக்குப் போனார். நான் அங்கே ஒரு குட்டியை மடியில் போட்டுக்கொண்டு, துணித்திரியைப் பாலில் நனைத்து வாயில் வைத்துக்கொண்டிருந்தேன். மிஞ்சிய ஆடுகளில் இரண்டுதான் பால் ஆடு. அவை ஐந்து குட்டிகளுக்கு மேல் தாங்கவில்லை. ஆறு குட்டிகளுக்கு அந்தத் திரிதான்.

"மாதாவே, இது என்னடி விளக்குக்கு எண்ணெய் ஊத்துற மாதிரி!" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. நடந்ததை எல்லாம் சொன்னேன்.

கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றார். "எங்க வீட்டுல மூணு ஆடு பால்ல நிக்கிது. ஒருத்தி குட்டியை நாய் தூக்கிட்டுப் போயிருச்சு. மடி கனத்துப்போயி ரெண்டு நாளாக் கத்துறா. ஆறையும் தூக்கு. ரயில் வர நேரமாச்சு."

"ரயில்லயா?"

"பின்ன, நீந்தியா போவ?"

வீட்டுக்காரரிடம் கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டே, "போறதுன்னா போ," என்றார். வீட்டில் இருந்த ஆடுகளையும் ஐந்து குட்டிகளையும் பக்கத்து வீட்டிலிருந்த என் நாத்தனாரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினேன். படி இறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். அவர் திரும்பவில்லை.

கருவாட்டுக்கு இருமல்

இப்போது பாலத்துக்கு வருவோம். பரிசோதகர் எங்கள் முன்னால் நின்றார். என் சீட்டையும் அக்காவின் சீட்டையும் பார்த்தார். பென்சிலால் பெட்டியைத் தட்டினார்.

"இதுல என்னம்மா?"

"கருவாடுய்யா," என்றார் அக்கா, கண் இமைக்காமல்.

"மே," என்றது கருவாடு.

அக்கா உடனே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "ம்ஹே... ம்ஹே..." என்று இருமினார். "கடக்காத்து ஒத்துக்கிறதில்லய்யா."

கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்தவருக்குக் கடற்காற்று ஒத்துக்கொள்ளவில்லையாம்! எதிர்ப்பலகையில் நாலைந்து மீன்காரப் பெண்கள் இருந்தார்கள். விஷயம் அவர்களுக்குப் புரிந்துவிட்டது. ஒருத்தி இருமினாள். இன்னொருத்தியும் இருமினாள். பெட்டிக்குள் இருந்த ஆறும் சேர்ந்துகொண்டன. வண்டி முழுக்க ஒரே மே மே. நான் பயத்தில் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் சேலை முனையைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

பரிசோதகர் குனிந்து துணியை விலக்கினார். பன்னிரண்டு நாள் குட்டி தலையை நீட்டியது. பென்சில் பிடித்த அவர் விரலைக் கண்டதும் லபக்கென்று வாயில் வைத்துச் சப்பத் தொடங்கியது. அவர் விரலை இழுத்துக்கொள்ளவில்லை. அப்படியே நின்றார்.

"தாய் எங்க?"

"செத்துப்போச்சு சார்," என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

வண்டி பாலத்தை முடித்துத் தரையைத் தொடுகிறவரை அந்த மனிதர் விரலைக் கொடுத்துக்கொண்டே நின்றார். பிறகு மெதுவாக உருவிக் கைக்குட்டையில் துடைத்தார்.

"உங்க கருவாட்டுக்கு ரொம்பப் பசிக்குது. சீக்கிரம் எறங்குங்க," என்றார்.

கப்பல் என்கிற ஆடு

குட்டியை நாயிடம் பறிகொடுத்த ஆட்டின் பெயர் கப்பல். வயிறு இரண்டு பக்கமும் அப்படிப் புடைத்திருக்கும். மடி கல்லாகக் கனத்திருந்தும், என் குட்டிகளைக் கிட்டே சேர்க்கவில்லை. மோந்து பார்க்கும். யாரோ என்று தெரிந்ததும் ஒரே உதை. முதல் உதையில் நானே மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா உள்ளே போய், கருவாட்டுக்கு உப்புப் போடுகிற தொட்டியிலிருந்து ஒரு கை தண்ணீர் அள்ளி வந்தார். மீன் வாடை மூக்கைத் துளைத்தது. அதைக் குட்டிகளின் முதுகில் தடவினார்.

கப்பல் மோந்தது. ஒரு நக்கு நக்கியது. இன்னொரு நக்கு. பிறகு தலையைத் தூக்காமல் நக்கிக்கொண்டே இருந்தது. நக்க நக்க உதை நின்றது. குட்டிகள் மடிக்குள் முட்டிக்கொண்டு போனபோது, காலை அகட்டி நின்று கொடுத்தது. குட்டிகளின் வாலாட்டலைப் பார்த்து நானும் அக்காவும் கைகோத்துக்கொண்டு குதித்தோம். எனக்கு அப்போது இருபத்தொரு வயதுதான். அக்காவுக்கு முப்பத்தொன்று. ஆனாலும் குதித்தோம்.

ஒரு வாரம் உப்புத் தண்ணீர் தேவைப்பட்டது. அதன் பிறகு கப்பலுக்குப் பழகிவிட்டது. போதாத பாலை மற்ற இரண்டு ஆடுகளிடம் கறந்து திரியில் கொடுத்தோம். குட்டிகளின் மேல் கருவாட்டு வாடை போகவேயில்லை. தெருப் பூனைகள் அவற்றின் பின்னாலேயே சுற்றின.

எல்லாமே நல்லபடியாக நடந்தது என்று சொல்ல ஆசைதான். பத்தாம் நாள் காலையில், ரயிலில் விரல் சப்பியதே, அந்தக் கறுப்புக் குட்டி எழுந்திருக்கவில்லை. இரண்டு நாளாகவே கழிச்சல். என்ன கொடுத்தும் நிற்கவில்லை. அதைத் தாழம்புதர் ஓரம் மணலில் புதைத்தோம். செவலையின் கடைசிக் குட்டி அது. அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்த்து அழுதேன். செவலைக்கு, செத்துப்போன மற்ற ஆடுகளுக்கு, கொழும்புக்குப் போகிறேன் என்றவருக்கு, எல்லாவற்றுக்கும்.

அக்கா தடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தார். "எனக்கும் ரெண்டு புள்ளைக போச்சு. ஒண்ணு பேரு வைக்கிறதுக்கு முன்னால," என்றார். அதுவரை என்னிடம் சொன்னதில்லை. பிறகு என் கையில் துணித்திரியைக் கொடுத்தார். "அழுகுறதுன்னா நல்லா அழு. கை மட்டும் வேலையைப் பாக்கட்டும். அஞ்சு வாய் காத்துக்கிட்டிருக்கு."

அழுதுகொண்டேதான் பால் கொடுத்தேன். ஒரு குட்டி என் மூக்குத்தியைப் பால் துளி என்று நினைத்துச் சப்பிவிட்டது. அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

மூட்டையோடு ஒருவர்

கார்த்திகை முடிகிற நேரம். அக்காவோடு மணலில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஸ்டேஷன் பக்கமிருந்து ஒருவர் தலையில் மூட்டையோடு வந்தார். நடையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அவர்தான்.

மூட்டை பெரியது. இலங்கைக்குக் கப்பல் ஏறுகிற இடம் தனுஷ்கோடி, அங்கே போகிற ரயில் பாம்பன் வழியாகத்தான் போகும். சொல்லிக்கொண்டு போக இறங்கியிருக்கிறார் என்று நினைத்தேன். கையிலிருந்த மீன் மணலில் விழுந்தது.

"கொழும்புக்கா?" என்றேன்.

அவர் பதில் சொல்லாமல் மூட்டையை இறக்கி அவிழ்த்தார். உள்ளே முழுக்க உடைநெத்து. நன்றாகக் காய்ந்த உடைமரத்துக் காய்கள், சலசலவென்று. கோடையில் சேர்த்துப் பரணில் போட்டு வைத்திருந்தது.

"பால் ஆட்டுக்கு இது வச்சா மடி நல்லா எறங்கும். இங்கன உடைநெத்து கிடைக்காதுல்ல. அதான்," என்றார்.

அதற்குள் சலசலப்பைக் கேட்டு, கப்பல் தலைமையில் மூன்று ஆடுகளும் பாய்ந்து வந்தன. அவரை இடித்துத் தள்ளிவிட்டு மூட்டைக்குள் தலையை விட்டன. பின்னாலேயே குட்டிகள். மணலில் மல்லாந்து கிடந்தவர் எண்ணினார்.

"அஞ்சுதான் இருக்கு."

"கறுப்பு போயிருச்சு."

பக்கத்து மணலைக் கையால் அளைந்தார். பிறகு, "ஊர்ல அஞ்சும் நல்லா இருக்கு. எங்க அக்கா ஒருநா சந்தைக்குப் போயிருச்சு. கத்துச்சுக. போயிப் பால் குடுத்தேன். அப்புறம் தெனம் நான்தான்," என்றார். "ஆனாலும் ஓட்டிட்டுப் போனது நான்தான ராக்கு."

"படலைத் தெறந்தது யாரு?" என்றேன். "வயிறு முட்டத் தின்னுட்டு வாங்கன்னு சொன்னது யாரு? பச்சையைப் பாத்து நானுந்தான் சந்தோசப்பட்டேன். கொழும்புக்குப் போறதுன்னா ரெண்டு பேரும் போகணும். அப்புறம் இதுகளை யாரு பாக்குறது?"

இத்தனை நாளாக அவர் ஒருவர் மட்டுமே சுமந்துகொண்டிருந்ததில் எனக்கும் பங்கு உண்டு என்பதை அன்றுதான் வாய்விட்டுச் சொன்னேன். ஒரு குட்டி அவர் வயிற்றின் மேல் ஏறி நின்று, இன்னும் உயரமாக ஏறலாமா என்று யோசித்தது. நெஞ்சுக்கு ஏறியது. மூஞ்சியில் கால் வைத்தது.

"ஏத்தா, இது என்ன உங்க பங்காளி வீடா?" என்றார் அவர், அதன் குளம்புக்கு அடியிலிருந்து.

அக்கா சிரித்த சிரிப்பில் காயப்போட்ட மீனைத் தூக்க வந்த காக்காய்கள் பறந்துவிட்டன.

மறு ஐப்பசி

தைப் பிறப்புக்கு ஐந்து குட்டிகளோடு வீடு திரும்பினோம். கப்பலையும் கூடவே அனுப்பிவைத்தார் அக்கா. "அவதான் அதுகளை விட்டு இருக்க மாட்டா. என் கண்ணுக்கு முன்னால ஏங்கிச் சாகவா?" என்றார்.

மறு ஐப்பசியில் மறுபடி நல்ல மழை. கண்மாய்க் கரை மறுபடி பச்சை. அவர் படலை இழுத்துக் கட்டிவிட்டு, காய்ந்த தழையும் நெத்தும் முதலில் போட்டார். நாளுக்குக் கொஞ்ச நேரம் மட்டும் வெளியே விட்டு, ஆசை தீரும் முன்பே திரும்ப ஓட்டிவந்தார். ஆடுகளுக்கு அடங்காத கோபம். பச்சை வாடை மூக்கில் அடிக்க, பட்டியே இடிந்து விழும்படி கத்தின. ஊரில் எல்லாரும் கேலி செய்தார்கள். அவர் அசையவில்லை. படலுக்கு முன்னால் குத்தவைத்து, ஒவ்வொன்றுக்கும் நியாயம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மழையில் ஒரு ஆடுகூட எங்களுக்குச் சாகவில்லை.

அப்படி அடைத்து வைத்த இரண்டாம் நாள் காலையில், நிறைமாதமாக இருந்த எனக்கு வலி எடுத்தது. மருத்துவச்சி வந்தார். வெயில் ஏறுவதற்குள் என் மூத்த மகள் பிறந்துவிட்டாள். மருத்துவச்சி குழந்தையைக் கையில் ஏந்தி, காதைக் கிட்டே கொண்டுபோய், முகத்தைச் சுளித்தார்.

"புள்ள அழுதுச்சா இல்லையான்னே தெரியலையே! ஆட்டுச் சத்தந்தான் கேக்குது!"

அது வெளியே அவர் காதில் விழுந்துவிட்டது.

"ஏ கழுதைகளா! கொஞ்ச நேரம் வாயை மூடித் தொலைங்க! எம்புள்ள அழுகுறது கேக்கமாட்டேங்குது!" என்று பட்டியைப் பார்த்துக் கத்தினார். ஆடுகள் அவர் பேச்சைக் கேட்பதாக இல்லை. இன்னும் உரக்கக் கத்தின.

மருத்துவச்சி குழந்தையின் உள்ளங்காலில் ஒரு சுண்டு சுண்டினார். என் மகள் வாயைத் திறந்தாள். அத்தனை ஆட்டுச் சத்தத்தையும் கிழித்துக்கொண்டு அந்தக் குரல் வெளியே போனது.

சுவருக்கு அந்தப் பக்கம் அவர் குதிக்கிற சத்தம் கேட்டது.

"கேட்டுருச்சு ராக்கு! எனக்குக் கேட்டுருச்சு!"